நுரையீரல்ல 7 மிமீ நோடியூல்னா கேன்சரா, உடனே பெட் ஸ்கேன் எடுக்கணுமா?

செங்கோட்டைல இருந்து கேட்டிருக்கீங்க, அப்பாவுக்கு வயசு 61, ரொம்ப வருஷமா பீடி பழக்கம், சிடி ஸ்கேன்ல 7 மிமீ நோடியூல் (நுரையீரல்ல தெரியுற சின்ன உருண்டை மாதிரி புள்ளி)னு வந்திருக்குன்னு. முதல்ல பயப்படாதீங்க, இந்த சைஸ்ல வர்றதுல பெரும்பாலானது கேன்சர் இல்ல, பழைய டிபி தழும்பாகூட இருக்கலாம்.

டாக்டருங்க முக்கியமா பாக்குறது ஓரத்தைத்தான். வழவழன்னு உருண்டையா இருந்தா நல்லது, சுத்தியும் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருந்தா சந்தேகம், அதுவும் நுரையீரலோட மேல் பகுதில இருந்தா சந்தேகம் இன்னும் கூட. உள்ள கொழுப்பு தெரிஞ்சாலோ, நடுவுல கெட்டியா சுண்ணாம்பு படிஞ்சிருந்தாலோ அனேகமா சாதாரண கட்டிதான்.

பெட் ஸ்கேன் (சர்க்கரைய அதிகமா இழுக்குற இடத்தைப் பளிச்னு காட்டுற ஸ்கேன்) இப்ப அவசரமில்லன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா 8 மிமீக்கு கீழ இருந்தா அதுல சரியா தெரியாது, டிபி இருந்தாலும் கேன்சர் மாதிரியே பளிச்னு காட்டும், நம்ம நாட்டுல அது பெரிய குழப்பம். ஃப்ளைஷ்னர்ங்கிற நெஞ்சு ஸ்கேன் நிபுணர்கள் அமைப்போட 2017 வழிமுறைப்படி இந்த மாதிரி 6ல இருந்து 8 மிமீக்கு 6-12 மாசத்துல மறுபடி சிடி, அப்புறம் 18-24 மாசத்துல ஒண்ணு (ஏற்கனவே கேன்சர் வந்தவங்களுக்கு இது பொருந்தாது). வளர்ச்சிதான் பெரிய துப்பு. 8 மிமீ 10 ஆனா கொஞ்சம்தானேன்னு தோணும், ஆனா கன அளவுல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! கெட்டியான நோடியூல் ரெண்டு வருஷம் அப்படியே இருந்தா நிம்மதி, மங்கலா கண்ணாடிப் புகை மாதிரி தெரியுறத அஞ்சு வருஷம் பாக்கணும்.

திருவனந்தபுரம் ஆர்சிசிக்கு (கேன்சர் ஆஸ்பத்திரி) கூட்டிட்டுப் போறதா இருந்தா ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் இருக்குற சிடி தட்டையும் பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க. பீடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.