லிம்போமா கீமோ: சிஸ்டரிடம் கேட்டவை

மும்பையில் 22 வருடம் டே கேர் வார்டில் கீமோ ஏற்றிய நர்ஸ் நான்; டாக்டர் இல்லை. செம்பூர் வீட்டுக்கு வந்தும் போனிலும் நம் ஆட்கள் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயின் சிகிச்சை பற்றிக் கேட்டவற்றில் சில இங்கே. மருந்து ஏறும் நாளை 1 என்று வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். என் பதிலெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

"சிஸ்டர், வீட்டுக்காரருக்கு ஆர்-சாப் ரெண்டாவது தடவை ஏத்தி பத்து நாள் ஆச்சு. ராத்திரி 101 காய்ச்சல். பாராசிட்டமால் குடுத்தேன், இறங்கிடுச்சு. மழைக்காலம், எங்க சால் (வரிசைக் குடியிருப்பு) முழுக்கக் காய்ச்சல்தான். திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்கலாமா?" (தாராவி)

இந்தத் தங்கையிடம் போனிலேயே "ஃபைலை எடும்மா, கிளம்பு" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக விவரம் எழுதுகிறேன்.

ஆர்-சாப் என்பது லிம்போமாவுக்குத் தரும் மருந்துக் கூட்டு, பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தடவை. ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில் 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். சீழ் கட்டவும் வீங்கிச் சிவக்கவும்கூட வெள்ளையணு வேண்டும். அது இல்லாத நேரத்தில் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான். அதையும் பாராசிட்டமால் போட்டு மூடிவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முதலில் தெர்மாமீட்டர், பிறகு போன், மாத்திரை அதற்கப்புறம்.

100.4 டிகிரி தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் கேஷுவால்ட்டி. போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். மலேரியாவா, டெங்குவா, எலிக்காய்ச்சலா என்பதை அங்கே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வரிசையில் பேசாமல் நிற்காதீர்கள். "கீமோ கா பேஷன்ட் ஹை, தஸ்வா தின், புக்கார் ஹை" (கீமோ பேஷன்ட், பத்தாம் நாள், காய்ச்சல்) என்று உரக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் இந்தி வராது என்று ஓரமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

"விரல் நுனியெல்லாம் மதமதன்னு இருக்கு, பூத் தொடுக்க நாரே பிடிபடலை. பால்கனித் தொட்டியில நித்தியகல்யாணி வச்சிருக்கேன். கேன்சருக்கு நல்லதாமே, கஷாயம் போட்டுக் குடிக்கலாமோன்னோ?" (மாட்டுங்கா)

மாமி, நீங்கள் அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்! ஆர்-சாப்பில் உள்ள வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. உங்கள் விரலை மரக்கச் செய்வதும் அதேதான். டிரிப்ஸில் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். கஷாயத்தில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளந்து சொல்வது? தொட்டிச் செடி ஸ்வாமிக்குப் பூ கொடுக்கட்டும், போதும்.

மரத்துப்போவதை டாக்டரிடம் காரியமாகச் சொல்லுங்கள். பூத் தொடுக்க முடியவில்லை, ஊக்குக் குத்த வரவில்லை, சில்லறை எண்ணும்போது நழுவுகிறது என்று சொல்ல வேண்டும். "லேசா மரத்திருக்கு" என்றால் அவரும் லேசாகத்தான் எழுதிக்கொள்வார். சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வென்னீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள்.

இதே மருந்து குடலையும் மந்தமாக்கும். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரானும் சேர்ந்து மலத்தை இறுக்கும். 1ஆம் நாளே மலமிளக்கி வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று நாள் போகாமல் வயிறு உப்பினால் உடனே போன் செய்யுங்கள். கவுண்ட் (வெள்ளையணு எண்ணிக்கை) இறங்கிய நேரத்தில் வீட்டில் எனிமா வைக்கவே கூடாது. உள்ளே சின்னக் கீறல் விழுந்தால் கிருமிக்கு அதுவே வழி.

"அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கீமோ ஏத்தின அன்னிலேர்ந்து தூக்கமில்லை, நடுராத்திரியில அலமாரி அடுக்குறார். ஆறாம் நாள் ஈரத்துணி மாதிரி துவண்டுடுறார். சுகர் 340." (டோம்பிவிலி)

ஸ்டீராய்டின் வேலை. ஆர்-சாப்பில் உள்ள ஸ்டீராய்டு மாத்திரையான ப்ரெட்னிசோலோனைப் பெரும்பாலும் தினம் 100 மில்லிகிராம் என்று ஐந்து நாள் கொடுப்பார்கள். மாத்திரைகளைக் காலைப் பலகாரத்துக்குப் பிறகு கொடுங்கள். சாயங்காலம் விழுங்கினால் அன்றிரவும் அலமாரிதான். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த மாத்திரையில் மதியத்துக்குமேல்தான் எகிறும், சாப்பாட்டுக்குப் பிறகும் பாருங்கள். 340 என்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், சில நாளுக்கு இன்சுலின் தேவைப்படலாம். ஆறாம் நாள் சோர்வு மாத்திரை நின்றதால் வருவது. எழுந்தால் தலைசுற்றி விழுகிறார் என்றால் மட்டும் அது வேறு, சொல்லியாக வேண்டும்.

"எது சாப்பிட்டாலும் எவர்சில்வரை நக்குற மாதிரி இருக்கு. வாயெல்லாம் புண். பானிபூரி ஒண்ணே ஒண்ணு?" (கல்யாண்)

தம்பி, ஒன்றுகூட இல்லை. கரும்புச்சாறும் வண்டியில் வெட்டி வைத்த பழமும் அப்படியே. உலோக ருசிக்கு மரக் கரண்டி, பீங்கான் தட்டு என்று மாற்றிப் பாருங்கள். சூடான சாப்பாட்டைவிட ஆறினது வாசனை குறைவு, குமட்டாது. குழைந்த இட்லி, பருப்புச் சாதம், கஞ்சி போதும். தயிர் பற்றி டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறும், உங்களுடையவர் சொல்வதைக் கேளுங்கள். புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளியுங்கள்.

"சிறுநீர் ரத்தமாப் போகுது!" (அதே தம்பி, இன்னொரு நாள்)

ஆர்-சாப்பில் உள்ள டாக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து. ஓரிரு நாள் அந்த நிறத்தில்தான் போகும். அதற்குப் பிறகும் சிவந்தாலோ எரிந்தாலோ சொல்லுங்கள். அதிலேயே உள்ள சைக்ளோபாஸ்பமைட் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது அதற்குத்தான்.

"சால்ல பொது டாய்லெட். மத்தவங்களுக்கு ஏதாவது ஆகுமா?" (தாராவி)

நோய் ஒட்டாது. மருந்துதான் சிறுநீரிலும் மலத்திலும் கொஞ்சம் வெளியேறும். முதல் 48 மணி நேரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

"கல்யாண்லேர்ந்து பரேல் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள உயிர் போகுது."

லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருங்கள், சண்டைக்கு வருவார்கள். சிகிச்சைக்காக ஊருக்கும் மும்பைக்கும் போய்வர ரயில்வே சலுகையும் உண்டு. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்.

"மரத்துப்போறதைச் சொன்னா டோஸைக் குறைச்சிடுவாங்க, அப்புறம் நோய் திரும்பிடும்னு நாலு தடவையா மறைச்சுட்டேன்." (சயான்)

அண்ணே, ஆர்-சாப்பில் ஐந்து மருந்து. விரலுக்காக வின்கிரிஸ்டினைக் குறைத்தாலும் மற்ற நான்கும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். மறைத்தால் ஆறாவது தடவைக்குள் நடக்கவே தடுமாறலாம். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லையென்றால், கிழிக்கிற தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் நாள் எண்ணைப் போட்டு எழுதுங்கள்: காய்ச்சல் எவ்வளவு, மலம் போனதா, சட்டைப் பித்தானைப் போட எத்தனை நிமிஷம் ஆனது. ஐந்தாவது தடவைக்குப் போகும்போது அந்தத் தாள்களை ஃபைலின் மேலேயே வையுங்கள்.