மூன்றாம் ஆண்டில் மனசு ஏன் இறுகிப்போகிறது?

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் தங்கை, முன்பெல்லாம் ஒவ்வொரு நோயாளிக்காகவும் கண் கலங்கியவள், இப்போது "இன்னைக்கு ஒரு நல்ல கேஸ் பார்த்தேன்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள், அவளுக்கு மனசு கல்லாகிவிட்டதா, படிப்பே ஆளை இப்படி மாற்றிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லாகவில்லை. நானும் அந்த வழியாக வந்தவன்தான், இப்போது வார்டில் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

முதலில், இது அவளுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஹோஜத் என்பவரின் குழு 456 மருத்துவ மாணவர்களின் பரிவை, கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலால் அளந்து 2009-இல் முடிவை வெளியிட்டது. முதல் இரண்டு வருடம் பெரிய மாற்றமில்லை, மூன்றாம் ஆண்டு முடிவில் பரிவு சரிந்திருந்தது. புத்தகத்தை வைத்துவிட்டு வார்டுக்குள் போகிற வருடம் அது. (எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை. மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதை வைத்துப் போடும் மதிப்பெண் என்பதையும் மறக்கக் கூடாது.)

நோயாளியைப் பார்க்காதவரை இருந்தது, பார்க்கத் தொடங்கியதும் ஏன் குறைய வேண்டும்? பரிவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980-களில் அதை நான்காகப் பிரித்தார், அதில் மூன்று இங்கே முக்கியம்: அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, அவர்மேல் வரும் அக்கறை, அவர் படும் பாட்டைப் பார்த்து நமக்குள் எழும் தவிப்பு. முதல் இரண்டும் நோயாளியிடம் நம்மைக் கூட்டிப் போகும். தவிப்பு அப்படியில்லை, அது அளவுக்கு மீறினால் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடும், கண் நோயாளியின் முகத்தை விட்டுக் கேஸ் ஷீட்டுக்குப் போய்விடும். அதிகம் அழுதவர்கள்தான் சீக்கிரம் இறுகிப்போகிறார்கள் என்பது நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்தது.

என் கதையையே சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் ரவுண்ட்ஸின்போது ஒருவருடைய படுக்கையருகே நின்று "பெட் 14, கல்லீரல் சுருக்கம், வயிற்றில் நீர்" என்று ஒப்பித்தேன். அவர் போர்வை ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் நகர்ந்ததும் மெதுவாக, "தம்பி, அப்படின்னா பொழைக்க மாட்டேனா?" என்றார். "சார் வந்து சொல்வார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு ஓடினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன், அன்று நன்றாகத் தூங்கினேன். பயப்பட வேண்டியது அந்த இரண்டாவது இரவுக்குத்தான், அப்போது எனக்கு அது புரியவில்லை.

அப்புறம் அவசரம். டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இறையியல் மாணவர்கள் வேறொரு கட்டிடத்துக்குப் போகும் வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், மிகவும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். குணத்தைவிடக் கடிகாரம் தீர்மானித்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வார்டில் காலை முழுக்க ஓடும் மாணவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கூடவே தூக்கமின்மை, தேர்வு பயம், பத்துப் பேர் முன்னால் சீனியரிடம் வாங்கும் திட்டு. இப்படித் தேய்ந்துபோகும் மனம் நோயாளியை ஆளாகப் பார்ப்பதை நிறுத்திப் படுக்கை எண்ணாகப் பார்க்கத் தொடங்கும். பணிச்சோர்வை அளப்பதற்கு கிறிஸ்டினா மாஸ்லாக் உருவாக்கிய அளவுகோலில் இதுவே ஒரு தனிப் பிரிவு.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு சீனியர். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இறந்த அன்று நான் அடுத்த படுக்கைக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டேன். அவர் என் கையிலிருந்த ட்ரேயை வாங்கி வைத்தார். "உட்காரு. அந்த அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான், பத்து நிமிஷம் இருக்கும். பேசப் பேசத் தவிப்பு இறங்கியது, அந்த அம்மாவின் மகனிடம் போய் நிற்கும் தைரியம் வந்தது. இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் நேரம் ஒதுக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை வீட்டில் நீங்கள் செய்யலாம். "ஏன் இப்படி மாறிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் அடுத்த முறை "நல்ல கேஸ்" என்று சொல்லும்போது, பேர் வேண்டாம், நோயும் வேண்டாம், அவங்க உன்கிட்ட என்ன பேசினாங்க என்று கேளுங்கள். உடனே பதில் வராது. பக்கத்திலேயே இருங்கள்.