"டாபிக்கே குடுக்கலையே அக்கா!" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் ஃபைன் ஆர்ட் டிப்ளமா கடைசி வருஷம். இந்தத் தடவ லெக்சரர் டாபிக்கே குடுக்கல, நீங்களே ஒரு ப்ராஜெக்ட் யோசிச்சு 12 வாரத்துல முடிச்சு ஷோவுல வைங்கன்னு சொல்லிட்டாங்க. நான் 'அடையாளம்'னு எழுதிக் குடுத்தேன். 5 வாரம் போயிடுச்சு, தெனமும் ஸ்டூடியோ போறேன், உக்காந்திருக்கேன், எம்ஆர்டி ரயில் புடிச்சு வீட்டுக்கு வந்துடறேன். எனக்கு இது வராதோன்னு பயமா இருக்கு. – ஒரு மாணவி, ஈசூன்

பதில்: பயப்படாத கண்ணு. உனக்கு வராம இல்ல, நீ எடுத்துக்கிட்டது ரொம்பப் பெரிய சொல்லு, அவ்வளவுதான். 'அடையாளம்'னு நெனச்சுக்கிட்டு கான்வாஸ் முன்னாடி நின்னா கைக்கு என்ன வேல இருக்கு சொல்லு? கை செய்யற மாதிரி ஒரு கேள்வியா அத சுருக்கு. எங்க பாட்டி பொடவையில எத்தன விதமான செவப்பு இருக்கு, அத நான் பெயிண்ட்ல கலந்து கொண்டுவர முடியுமா? தேக்கா மார்க்கெட்ல காலையில 7 மணிக்கு மீன் மேல விழற வெளிச்சம் 9 மணிக்கு என்ன ஆகுது? இப்படிக் கேட்டா நாளைக்குக் காலையிலயே எந்திரிச்சுப் போயி ஆரம்பிச்சுடலாம், அடையாளம் தானா பின்னாடி வரும்.

நம்ம சிங்கப்பூர்ச் சிற்பி குமாரி நாகப்பன் செஞ்ச சிற்பங்களப் போயி பாரு. சாங்கி ஏர்போர்ட் டெர்மினல் 3ல செவப்பா ஒரு சாகா விதை (மஞ்சாடி), நேஷனல் மியூசியம்ல ஒரு பெரிய மிளகாய், ஐயான் ஆர்ச்சர்ட் ஷாப்பிங் மால் வாசல்ல ஜாதிக்காய். நெசத்துல எல்லாமே உள்ளங்கையில அடங்கற சாமான், அதத்தான் அவங்க பெருசா செஞ்சிருக்காங்க. ஆனா ஆர்ச்சர்ட் ரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்துல ஜாதிக்காய்த் தோட்டம்னு தெரிஞ்சவங்க அந்தச் சிற்பத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிப்பாங்க. சின்னத நல்லாப் பாத்தா ஊர் கதையே அதுக்குள்ள இருக்குது.

இனி உனக்கு 7 வாரம் இருக்கு. மொதல் 2 வாரம் சின்னச் சின்னதா ட்ரையல் மட்டும், ஒண்ணுகூட நல்லா இருக்கணும்னு அவசியமில்ல, ஒரு 20 செய். அடுத்த 4 வாரம் வேல. கடைசி வாரம் மாட்டறதுக்கு மட்டும், தயவுசெஞ்சு அந்த வாரத்த வேற எதுக்கும் எடுத்துக்காத. இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் மொதமொதல்ல கலந்துக்கிட்ட க்ரூப் ஷோவுக்கு மூணு நாள் முன்னாடி வரைக்கும் ஆயில் பெயிண்ட் பூசிக்கிட்டே இருந்தேன், நம்ம ஊர் ஈரக்காத்துல அது காயவே இல்ல, ப்ளாஸ்டிக் சுத்தி டாக்ஸியில கொண்டுபோயி பிரிச்சா பெயிண்ட் பாதி ப்ளாஸ்டிக்கோட வந்துடுச்சு. அன்னைக்கு அங்கயே உக்காந்து அழுதேன். ஆயில் தடிமனா பூசினா தொட்டுப் பாக்கற அளவுக்குக் காயவே வாரக்கணக்குல ஆகும், அதையும் சேத்துத்தான் நாள் கணக்குப் போடணும். அதே மாதிரி பெரிய கான்வாஸ் இழுக்கறதுக்கு முன்னாடி உங்க அடுக்குமாடி ப்ளாக் லிஃப்ட் கதவ அளந்துக்கோ, ஷோ முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அத எங்க வைக்கப்போற, வீட்டுல சாமான் போட்டு வைக்கற பாம் ஷெல்டர் ரூமுக்குள்ள போகுமான்னும் பாத்துக்கோ.

ஒரு நோட்டு வெச்சுக்கோ. இன்னைக்கு என்ன ட்ரை பண்ணேன், எதுக்கு அத விட்டேன், எவ்வளவு காசு ஆச்சு, எல்லாம் எழுது. இத மார்க்குக்காக சொல்லல, நாளைக்கு ஷோ அமைக்கற ஒரு க்யூரேட்டரோ க்ராண்ட் குடுக்கறவங்களோ கேக்கப் போறது இதத்தான், அப்ப யோசிச்சு எழுத உக்காந்தா எல்லாம் மறந்து போயிருக்கும். முடிச்ச ஒவ்வொரு வேலையையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அளவு, மெட்டீரியல், வருஷம் அன்னைக்கே குறிச்சு வை.

கேள்வி: எங்க பையன் ஆர்ட் காலேஜ்ல படிக்கறான். வீட்டு ஹால் பூரா அட்டையும் கம்பியும்தான். டீச்சர் சொல்லிக் குடுக்கறதில்லையான்னு கேட்டா "நாங்களேதான் செய்யணும்"ங்கறான். அப்பறம் இவ்வளவு ஃபீஸ் எதுக்குங்க? – ஒரு அம்மா, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்க கோவம் நியாயம்தான்மா, ஃபீஸ் கட்டறவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனா பரதம் கத்துக்கற பொண்ணுக்கு குரு வருஷக்கணக்கா அடவு சொல்லிக் குடுப்பாங்க, அரங்கேற்றத்தன்னைக்கு மேடையில அவதான ஆடணும்? மொத வருஷத்துல ட்ராயிங், கலர் எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்க. இப்ப டீச்சரோட வேல, அவன் செஞ்சத வாரா வாரம் பாத்து "இத ஏன் இங்க வெச்ச"ன்னு விடாமக் கேக்கறது. அந்தக் கேள்வி கேக்க ஆள் இல்லன்னா அப்ப நீங்க காலேஜ்ல போயி தாராளமா கேளுங்க, தானே செய்யச் சொல்லிட்டு எட்டிக்கூடப் பாக்காம இருக்கறது பாடம் நடத்தறது ஆகாது.

தானா செய்யறது எவ்வளவு தூரம் கொண்டுபோகும்னு ஒண்ணு சொல்றேன். எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சலே ஜாப்பர்னு நாஃபா ஆர்ட் காலேஜ்ல படிச்ச மூணு பேர், 1988ல இங்க இருந்த ஜெர்மன் கலாசார மையமான கோதே இன்ஸ்டிடியூட்ல 'த்ரிமூர்த்தி'ன்னு தாங்களே ஒரு ஷோ போட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு சிங்கப்பூர் ஆர்ட் மியூசியமே அவங்களத் திரும்பக் கூப்பிட்டு ஷோ வெச்சுச்சு. இன்னைக்கும் நம்ம ஊர் ஆர்ட் வரலாறு பேசறவங்க அந்த ஷோவத் தாண்டிப் போக முடியாது.

வேலைன்னு பாத்தா எல்லாரும் படம் வித்து சாப்பிடப் போறதில்ல. மியூசியம்ல ஷோ மாட்டறது, ஸ்கூல் வொர்க்‌ஷாப் எடுக்கறது, இல்லஸ்ட்ரேஷன், செட் டிசைன்னு நெறைய இருக்கு, எல்லாத்துலயும் சொன்ன தேதிக்கு சொன்ன காசுக்குள்ள முடிக்கற ஆளத்தான் தேடறாங்க. அந்த அட்டையும் கம்பியும் அதுக்குத்தான். ஆனா ராத்திரிக்குள்ள ஹால ஒதுக்கி வெக்கச் சொல்லுங்க, அதுவும் ஸ்டூடியோ பழக்கம்தான்.

கேள்வி: ஒருத்தர் அவங்க அப்பா படத்த வரஞ்சு தரச் சொல்லி காசு குடுத்தாரு. அந்தப் படத்த என் போர்ட்ஃபோலியோவுல போடலாமா? – ஒரு மாணவர், பொங்கோல்

பதில்: நல்ல வேளை கேட்டீங்க தம்பி. 2021 நவம்பர் 21ல இருந்து புது காப்பிரைட் சட்டம் நடப்புல இருக்கு. காசு வாங்கி வரஞ்ச போர்ட்ரெய்ட்டா இருந்தாலும், வேற மாதிரி எழுதிக் குடுக்கலன்னா காப்பிரைட் உங்களோடதுதான். அதனால கையெழுத்துப் போட்டிருந்தா அந்தப் பேப்பர மொதல்ல எடுத்துப் படிங்க. ஆனா அது ஒருத்தரோட அப்பா முகம், அதனால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க. இன்னொண்ணு, இப்படி வர்ற காசுல செலவு போக வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல நின்னா மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ்ல பணம் கட்டணும், அதனால ரசீத எல்லாம் ஒரு மைலோ டின்லயாவது போட்டு வைங்க.