போன்ல மட்டும் வாய் நீளுற பெடியன்

கேள்வி: மகன் தரம் 9. ஆக்களோட முகம் பாத்துக் கதைக்க மாட்டான், விளையாடவும் போறதில்ல. ஆனா ஃப்ரீ ஃபயர் எண்ட போன் கேம் குரூப்பில கூடப் படிக்கிற பெடியனைக் கேவலமா ஏசி வொய்ஸ் போட்டிருக்கிறான், அந்தத் தாய் வந்து போட்டுக் காட்டினா. என்ட மனுசன் அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்ல, ஆனா கோவம் வந்தா கிழமைக் கணக்கில கதைக்க மாட்டார். அவர்ட குணமா இது?
(வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, அடி இல்ல குடி இல்ல எண்டா நல்ல அப்பா எண்டு நாங்க சேர்டிபிகேட் குடுத்துடுறம். ஆனா வீட்டில ஒராள் கதைக்காம இருந்தா கோப்பையை மேசையில வைக்கிற சத்தத்துக்கே பிள்ளை திடுக்கிடும், அப்பாக்கு என்னில கோவமா அம்மாவிலயா எண்டு யோசிச்சு யோசிச்சே அவன்ட வாய் மூடிடும். கோவத்தை என்ன செய்யிறது எண்டு அவனுக்கு ஆர் காட்டினது? அடக்கிறதைத்தான் கண்டிருக்கிறான், அடக்கினது எங்கயாவது வரத்தானே வேணும். ஜோன் சூலர் எண்ட அமெரிக்க உளவியலாளர் 2004இல எழுதினவர், ஒன்லைன்ல மற்ற ஆள்ட முகமும் தெரியாது, அழுறதும் தெரியாது, அதால நேர சொல்லாததைச் சொல்லத் துணிவு வந்துடும் எண்டு.

அதுக்காக முழுப் பழியையும் அவர்ட தலையில போடாதீங்கோ. அப்பா ஒதுங்கிறதுக்கும் பிள்ளைட நடத்தைக்கும் தொடர்பு இருக்கு எண்டுதான் ஆய்வுகள் சொல்லுது, அதுதான் காரணம் எண்டு இல்ல; பிள்ளைட சுபாவம், கூட்டாளிமார் (அந்த கேம்ல ஏசாதவன் ஆர்?) எல்லாம் சேரும், மகன் ஒதுங்கிறதைப் பாத்து அப்பா இன்னும் ஒதுங்கிறதும் நடக்கும். ஜோன் கொட்மன் எண்ட இன்னொரு அமெரிக்க உளவியலாளர் 1990களில செய்த ஆய்வுகளில, பிள்ளைட கோவம் கவலையைத் தட்டி விடாம இருந்து கதைக்கிற தாய் தேப்பன்ட பிள்ளையள்தான் கூட்டாளிமாரோட நல்லாப் பழகினதுகள்.

ஆனா இவரைக் கதிரையில இருத்தி மகனோட கதையுங்கோ எண்டா ரெண்டு பேரும் சுவரைத்தான் பாப்பினம். எங்கட ஆம்பிளையளுக்கு பக்கத்தில பக்கத்தில நிண்டாத்தான் கதை வரும். விடிய மீன் வாங்கப் போகேக்க மோட்டசைக்கிளில அவனையும் ஏத்திட்டுப் போகட்டும், போற வழியில "நேற்று வேலையில ஒருத்தனில கோவம், அதான் கதைக்கேல்ல, உன்னில இல்ல" எண்டு சொன்னாக் காணும்.

வொய்ஸ் விசயத்துக்குப் போனைப் பறிச்சாப் போதாது. மகனே அந்தப் பெடியன்ட வீட்ட போய் மன்னிப்புக் கேக்கோணும், கூடப் போறது நீங்க இல்ல, அப்பா. ஏசாமப் பக்கத்தில நிக்கட்டும். சாப்பாடு நித்திரையும் குறைஞ்சு இன்னும் ஒதுங்கினா மட்டும் பெரியாஸ்பத்திரியில மனநல டொக்டரிட்ட காட்டுங்கோ, இல்லாட்டி மனநல உதவி இலக்கம் 1926க்கு அடியுங்கோ, தமிழிலயே கதைக்கலாம்.