காலிக் கோட்டை: அம்மாவின் முழங்காலும் நான்கு மணி வெயிலும்

கேள்வி: கொழும்பில் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். இலங்கையின் தென்கரையில் உள்ள காலி (Galle) நகரின் கோட்டைக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். முழங்கால் வலியுள்ள அம்மா, ஏழு வயது மகன் இருவரையும் அழைத்துப் போகலாமா? – திருச்சி வாசகர்

தாராளமாகப் போகலாம். மதிலில் ஏறும் நேரத்தை மட்டும் தள்ளி வையுங்கள். பதினொரு மணிக்கு வந்து இறங்கியதும் மதிலுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. கல்லின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். நான்கு மணி வரை கீழேயே இருங்கள்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயில் பிடியுங்கள். பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம். வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் கடல். காலி நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் என்றாலும் அம்மாவுக்காக ஆட்டோ எடுங்கள். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. இன்றும் குடும்பங்கள் வாழும் ஊர் அது.

போர்த்துக்கீசியர் தொடங்கியதை 1640-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டினார்கள். பழைய வாசலைக் கடந்ததும் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பாருங்கள். வெளிப்புறம் இருப்பது பிரிட்டிஷ் முத்திரை. உள்புறம் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் VOC என்ற எழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஆட்சி மாறிய கதையை மகனுக்குச் சொல்ல இந்த ஒரு வாசல் போதும். பிறகு 1755-இல் கட்டிய டச்சுத் தேவாலயம். தரையெங்கும் கல்லறைக் கற்கள். தெருக்கள் பெரும்பாலும் சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இராது.

வெயில் தணிந்ததும் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போங்கள். எதிரே வெள்ளைப் பள்ளிவாசல். அம்மா அங்கே காற்று வாங்கட்டும்; நீங்கள் மதில் வழியே, அதன் தென்முனையில் கடலை ஒட்டிய கொடிப் பாறை (Flag Rock) வரை நடந்து வாருங்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தால் கருங்கல்லுக்கு இடையில் தேன்கூடு போலத் துளைத்துளையாகப் பவளக்கல் விரலில் தட்டுப்படும். 2004 சுனாமியில் வெளியே இருந்த ஊரும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தன. உள்ளே இருந்தவர்களைக் காத்தது இந்த மதில்தான். முரளிதரன் 2010-இல் 800-ஆவது விக்கெட்டை எடுத்ததும் அதே மைதானத்தில்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மதில் விளிம்பில் தடுப்புக் கம்பி இல்லை. கொடிப் பாறையிலிருந்து இளைஞர்கள் கடலில் குதித்துக் காட்டுவார்கள், பையன் எட்டிப் பார்க்கத் துடிப்பான். கையை விடாதீர்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறும். இரவு ரயில் குறைவு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

கொழும்பில் அரை நாள் மிஞ்சினால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பதினைந்தாம் நூற்றாண்டுச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ (Zheng He) கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு, 1911-இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடைத்தது, அங்கேதான் இருக்கிறது. சீனம், பாரசீகத்தோடு அதில் தமிழும் உண்டு. தெனாவரை நாயனார் எனப்பட்ட விஷ்ணுவைப் போற்றும் அந்த வரிகளை அம்மாவுக்குக் காட்டுங்கள்.