லூமியரின் ஐம்பது விநாடிகள்

அன்புள்ள ஐயா,

சினிமாவின் தொடக்க காலத்தில் படமெடுத்த பிரெஞ்சுக்காரர்களான லூமியர் சகோதரர்களின் துண்டுப் படங்களை யூடியூபில் வரிசையாகப் பார்த்தேன். ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், குழந்தைக்கு ஊட்டுகிறார்கள், ரயில் வந்து நிற்கிறது. முடிந்தது. கேமராவை ஓரிடத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதானே? அந்த ரயிலுக்குப் பயந்து ஜனங்கள் எழுந்து ஓடினார்களாம். சிரிப்புதான் வருகிறது.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

ரயிலை முதலில் முடித்துவிடுவோம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயின் நிலவறையில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் அந்த ரயிலே கிடையாது. (அந்த அறைக்கு ‘இந்திய சலோன்’ என்று பெயர். நமக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.) பிறகு ரயிலைக் காட்டியபோதும் கூட்டம் அலறி ஓடியதற்கு அக்காலத்துச் சாட்சியம் எதுவும் இல்லை. ஒரு ஃபிராங்க் கொடுத்து உட்கார்ந்தவனுக்குத் தான் பார்ப்பது படம் என்று தெரியாதா?

சும்மா சுற்றினார்கள் என்கிறீர்கள். ஆலைப் படம் மூன்று தடவை எடுக்கப்பட்டது. ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுக்கிறது, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் குதிரையே இல்லை. உடுப்பும் நிழலும்கூட மாறுகின்றன. பதினேழு மீட்டர் ஃபிலிம் ஐம்பது விநாடிக்குத்தான் வரும், அதற்குள் அத்தனை பேரும் வாசலைக் கடந்தாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். லியோனில் அது அவர்களுடைய சொந்த ஆலை. எதிரே முதலாளியின் கேமரா நிற்கிறது, ஆனால் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. இடமும் வலமுமாகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். “இந்தப் பக்கம் பார்க்காமல் நட” என்று யாரோ சொல்லாமல் இது நடந்திருக்காது.

தோட்டக்காரர் படத்தை நீங்கள் சொல்லவே இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாய் முனையை முகத்தருகே தூக்கிப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். அவன் ஓட, இவர் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த இடத்திலேயே நாலு போடலாம், போடுவதில்லை. நம் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, அப்புறம்தான் போடுகிறார். கேமரா நகராது என்பதால் அடி வாங்குபவன் நகர வேண்டியிருக்கிறது. இதற்கு டைரக்‌ஷன் என்றுதானே பெயர்?

நீங்கள் பார்த்த பிரதி வேகமாக ஓடியிருக்கும். அன்று விநாடிக்குப் பதினாறு ஃபிரேம் என்ற கணக்கில் கையால் சுற்றினார்கள், இன்று இருபத்து நான்கில் ஓட்டினால் எல்லோரும் தத்தித் தத்தித்தான் நடப்பார்கள். வேகத்தைக் குறைத்து, குழந்தைக்கு ஊட்டும் படத்தை மறுபடி போடுங்கள். ஊட்டுபவர் ஒகுஸ்த் லூமியர், குழந்தை அவருடைய மகள். அவர்களை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள், இலைகள் காற்றில் அசைகின்றன. ஓவியம் தீட்டிய படுதாவை மேடையில் பார்த்துப் பழகிய அன்றைய கூட்டம் வாய்பிளந்தது அதற்குத்தான்.