துப்பாக்கி சுடுற ரேஞ்சுல நீங்க பாத்ததுலயே சிரிப்பும் வந்து உயிரும் போயிட்டு வந்த சம்பவம் எது?

ஒண்ணு ரெண்டுன்னா சட்டுனு சொல்லிட்டுப் போயிடலாம். கோலாலம்பூர் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப்புல நான் மெம்பர், கிளப் பேரு வேணாம், இன்னும் அங்கதான் போய்க்கிட்டு இருக்கேன். அப்பப்ப சனிக்கிழமையில வெளியாளுங்களுக்குத் திறந்து விடுவாங்க, ஐசிய (அடையாள அட்டைய) காட்டி, பாரம் எழுதி, உக்காந்து பாடம் கேட்டுட்டு, கிளப்போட துப்பாக்கியில கிளப்புக்குள்ளயே ஆளுக்குக் கொஞ்சம் தோட்டா சுட்டுட்டுப் போகலாம். அந்த மாதிரி நாள்ல எங்கள மாதிரி மெம்பருங்க லேனுக்கு, அதாவது ஒவ்வொருத்தரும் நின்னு சுடுற தடுப்புக்கு, பின்னாடி நின்னு ஒத்தாசை பண்ணனும். ரேஞ்ச ஓட்டுறவரு ஆர்மியில இருந்து ரிட்டையர் ஆன ஒரு மலாய்க்கார பாக்சிக், மலாய்ல பெரியப்பா, மாமா மாதிரி பெரியவங்கள கூப்பிடுற பேரு. மைக்கு தேவையில்லாத குரல்.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடுறேன், மலேசியாவுல துப்பாக்கின்னா நினைச்சவுடன வாங்குற சாமான் இல்ல. லைசன்ஸ் இல்லாம வச்சிருந்து மாட்டுனா 1971ல வந்த சட்டப்படி 14 வருஷம் வரைக்கும் ஜெயில், அதோட 6க்குக் குறையாம ரோத்தான் (பிரம்பு) அடி. அதனால இங்க முக்காவாசிப் பேரு துப்பாக்கிய கிட்டத்துல பாக்குறதே நகைக்கடை வாசல்ல நிக்கிற ஜாகாகிட்ட, அதாவது காவல்காரர்கிட்டதான். பிஎல்கேஎன்னு சொல்ற அரசாங்கத்தோட தேசிய சேவைப் பயிற்சிக்குப் போன பசங்க கேம்புல எம்16 சுட்ட கதைய கல்யாணம் ஆகிப் புள்ள பெத்த பிறகும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ஆக, எங்க வாசல்ல வந்து நிக்கிற கூட்டம் அனேகமா எல்லாமே புதுசு, தெரிஞ்சதெல்லாம் படத்துல பாத்தது.

இப்ப நீங்க நினைப்பீங்க, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சத்தமா வர்ற பசங்கதான் ஆபத்துன்னு. நானும் கொஞ்சம் அப்படித்தான் எதிர்பாத்தேன். ஆனா இல்லங்க. அந்தப் பசங்கள வாசல்லயே எல்லாரும் கவனிச்சுடுவோம், பாக்சிக் ஒரு முறை முறைச்சா அடங்கிருவாங்க. உண்மையிலயே வயித்தைக் கலக்குறது யாருன்னா நல்லா வளர்த்த, அடக்கமான, பெரியவங்கள கண்டா எழுந்து நிக்கிற ஆளுங்கதான். ஏன்னா அவங்களுக்கு யாராச்சும் பேசுனா அந்தப் பக்கம் முழுசா திரும்பி, முகத்தைப் பாத்துதான் பதில் சொல்ல வரும். கையில துப்பாக்கி இருந்தாலும் அப்படித்தான். உடம்பு திரும்புனா கை திரும்பும், கை திரும்புனா குழல் திரும்பும், குழல் திரும்புற இடத்துல நான் நிக்கிறேன். அதனாலதான் பாக்சிக் நாள் பூரா கத்துறது ஒரே வாக்கியம், "ஜாங்கான் பூசிங்!" திரும்பாதேன்னு அர்த்தம்.

நான் பாத்ததுல முதல் இடம் ஒரு இன்ஜினியர் தம்பிக்குத்தான். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து ஆபீஸ் கூட்டாளிங்களோட வந்தாரு, பேச்சுக்குப் பேச்சு சார் போடுவாரு, பாடம் எடுக்கும்போது நோட்டு வச்சு எழுதுன ஒரே ஆளு. 9 எம்எம் பிஸ்டலு. மணிக்கட்டை தளர்வா பிடிச்சாருன்னு நினைக்கிறேன், அப்படிப் பிடிச்சா மேல ஓடுற ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம பாதியிலயே திரும்பிடும், வெளிய தெறிக்க வேண்டிய காலித் தோட்டாக் கூடு வாயில மாட்டிக்கிட்டு புகைபோக்கி மாதிரி நட்டமா நிக்கும். துப்பாக்கி சுடாது. இது ரொம்ப சாதாரணமா வர்ற கோளாறு, குழல டார்கெட் பக்கமே வச்சுக்கிட்டு இன்னொரு கைய தூக்குனா போதும், நாங்க வந்து பாத்துக்குவோம். தம்பி என்னா பண்ணாருன்னா, அப்படியே முழு உடம்பையும் திருப்பி, பிஸ்டல என் சகா ஒருத்தரோட தொப்பைக்கு நேரா நீட்டி, "சார், சுட மாட்டேங்குது சார், பாருங்க"ன்னு சொல்லி விசைய அமுக்கி அமுக்கிக் காட்டுறாரு. டிக்கு டிக்குன்னு. அந்தக் கூடு மட்டும் ஆட்டுன ஆட்டத்துல கீழ விழுந்து ஸ்லைடு முன்னாடி போயிருந்தா அடுத்த தோட்டா குழலுக்குள்ள ஏறி உக்காந்திருக்கும். என் சகா நல்ல கனமான ஆளு, தாமான்ல (வீட்டுக் குடியிருப்புல) பத்து எட்டு ஓடச் சொன்னா ஓட மாட்டாரு, அன்னிக்கு ஒரே எட்டுல பக்கவாட்டுல பாஞ்சு தம்பி மணிக்கட்டைப் பிடிச்சு முன்னாடி தள்ளிட்டாரு.

இது பாதிக் கதைதான். பாக்சிக் வந்து கத்துற கத்துல தம்பிக்கு வேர்த்து ஊத்துது, பிஸ்டல் இன்னும் அவரு கையிலதான், குழல் இப்பதான் டார்கெட் பக்கம் போயிருக்கு. "சாரி சார்"னு சொல்றதுக்காக மறுபடியும் திரும்புனாரு பாருங்க! பாவம், மன்னிப்பு கேக்கும்போது முகத்தைப் பாக்காம கேக்கலாமா? இந்தத் தடவ லேனுக்குப் பின்னாடி நின்ன மொத்தக் கூட்டமும் தரையில உக்காந்துருச்சு. பொறவு மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரே, அதான் இழுத்து ஆத்துற டீ, குடிக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லி கண்ணுல தண்ணி வர சிரிச்சோம், ஆனா என் சகா மட்டும் சிரிக்கல, சட்டையத் தூக்கித் தூக்கி தொப்பையப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

இதுக்கு அடுத்தது தோட்டாக் கூடு. சுட்டவுடன கூடு வலது பக்கமா தெறிக்கும், கொதிக்கக் கொதிக்க இருக்கும், பக்கத்து லேன் தடுப்புல மோதி நம்ம மேலயே திரும்பி வரும். கழுத்து மூடுன சட்டை, மூடுன சப்பாத்து, தொப்பி போட்டுட்டு வாங்கன்னு எழுதி அனுப்புறது இதுக்குத்தான், யாரு படிக்கிறா. ஒரு அக்கா கழுத்து அகலமான பஞ்சாபி சூட்டுல வந்தாங்க, துப்பட்டாவ இறுக்கிக் கட்டுங்கன்னு சொல்லித்தான் லேன்ல விட்டோம். ரெண்டாவது தோட்டாவுலயே கூடு கழுத்து வழியா உள்ள போயிருச்சு. ஆத்தாடின்னு ஒரு சத்தம், அப்புறம் குதி குதின்னு குதிக்கிறாங்க, ஒரு கை சட்டைக்குள்ள, இன்னொரு கையில பாயிண்ட் 22 பிஸ்டலு, விரலு விசை மேலயே. குழல் ஒரு தடவ கூரையப் பாக்குது, ஒரு தடவ அவங்க காலயே பாக்குது, ஒரு தடவ அவங்க வீட்டுக்காரரப் பாக்குது. வீட்டுக்காரரு என்னடான்னா போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு சிரிக்கிறாரு. பாக்சிக் எப்பவும் புது ஆளுக்கு வலது பின்பக்கம் ஒட்டி நிப்பாரு, இடது கைய அவங்க முழங்கைக்கு ஒரு சாண் தூரத்துல தொங்கவிட்டபடி, தொட மாட்டாரு, ஆனா தோள்பட்டை அசையுறதுக்கு முன்னாடியே அந்தக் கை அங்க இருக்கும். அன்னிக்கும் அந்தக் கைதான் காப்பாத்துச்சு, மணிக்கட்ட பிடிச்சு முன்னாடி நீட்டி அப்படியே மேசையோட அமுக்கிட்டாரு. அக்காவுக்கு நெஞ்சுல சின்னதா ஒரு சூடு, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு அன்னிக்கு ராத்திரி என்னா கிடைச்சிதுன்னு எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் பாருங்க, எல்லாரும் காதுல பெரிய மூடி போட்டிருப்போம். போட்டே ஆகணும், 9 எம்எம் சத்தம் 160 டெசிபல் கிட்ட வரும், 140லயே காது கெட ஆரம்பிச்சுடும். ஆனா மூடி போட்டவனுக்கு நாம சொல்றது கேக்காது, கேக்கலன்னா நம்ம ஊரு வழக்கப்படி என்னா பண்ணுவோம், பின்னாடி இருந்து தோள தட்டுவோம். தட்டுனா அவன் திரும்புவான். கூட வந்த ஒரு அங்கிள் தன் மருமகனைத் தட்டி "மாப்ள, ஒரு போட்டோ"ன்னு கூப்பிட்டு, மாப்பிள்ளை சிரிச்ச முகத்தோட ஷாட்கன்னோட திரும்பி நின்னத நான் பாத்திருக்கேன். நல்ல வேளை, புது ஆளுக்கு ஷாட்கன்ல ஒரு தோட்டாதான் போட விடுவோம், அவரு அதைச் சுட்டு முடிச்சிருந்தாரு. அந்த மாமனாரு மருமகன் உறவு இப்ப எப்படி இருக்கோ.

ஒரு தோட்டாங்கறது சும்மா வச்ச விதி இல்ல. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அரிசோனாவுல டூரிஸ்டுங்க போற ஒரு ரேஞ்சுல 9 வயசு புள்ள கையில உசி மெஷின் கன்ன கொடுத்தாங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு சுட வச்சாங்க, நல்லா சுட்டுச்சு. அப்புறம் தொடர்ந்து சுடுற பக்கம் மாத்திவிட்டாங்க, உதைப்புல குழல் மேல ஏறி இடது பக்கம் போச்சு, அங்க நின்னுக்கிட்டிருந்த சொல்லிக்கொடுக்குறவரு தலையில குண்டு பாஞ்சு இறந்துட்டாரு. பெத்தவங்க அதை வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இந்தக் கதைய பாக்சிக் ஒவ்வொரு பாடத்துலயும் சொல்லுவாரு, அதுவரைக்கும் பின்னாடி வரிசையில சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கிற பசங்க கூட அப்பதான் வாய மூடுவாங்க.

மெகசின, அதாவது தோட்டா அடைச்சு வைக்கிற டப்பாவ, கழட்டிட்டா துப்பாக்கி காலின்னு நினைக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு பையன், காலேஜ் படிக்கிறவன், மெகசின கழட்டி மேசையில வச்சுட்டு, கூட்டாளி படம் எடுக்க போனைத் தூக்குனவுடன பிஸ்டல நெத்திப் பொட்டுல வச்சு நாக்கைத் துருத்துறான். நான் கத்துறதுக்கு முன்னாடி பாக்சிக் அங்க போயிட்டாரு, கத்தல, மெதுவா கைய நகத்தி பிஸ்டல வாங்குனாரு. பையன் "லோட் இல்ல லா பாக்சிக்"னு சிரிக்கிறான். பாக்சிக் குழல டார்கெட் பக்கம் வச்சு ஸ்லைட பின்னாடி இழுத்தாரு. குழலுக்குள்ள இருந்த தோட்டா ஒண்ணு வெளிய குதிச்சு சிமெண்ட் தரையில டிங்குன்னு விழுந்து உருண்டுச்சு. மெகசின கழட்டுனா அதுல இருக்கிறதுதான் வெளிய வரும், ஏற்கனவே குழலுக்குள்ள ஏறுனது அங்கயேதான் இருக்கும். பையன் அந்தத் தோட்டாவையே பாத்துக்கிட்டு இருந்தான், அப்புறம் ஓரமா போயி வாந்தி எடுத்தான். அவனையும் போன் பிடிச்சவனையும் இனி வரவே கூடாதுன்னு எழுதி வச்சாச்சு.

சில்லறை சம்பவமும் நிறைய. படத்துல வர்ற மாதிரி இடது கட்டை விரல ஸ்லைடுக்குப் பின்னாடி குறுக்க வச்சு, ஸ்லைடு வந்து தோல சீவிட்டுப் போறது வாராவாரம் நடக்கும், பிளாஸ்டர் டப்பா அதுக்குன்னே மேசையில இருக்கு. சிலிப்பர் போட்டுட்டு வந்து விரலிடுக்குல கூடு விழுந்தவங்க, சுட்ட கையோடயே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் பிரிக்கப் போனவங்க. கையில ஒட்டியிருக்கிறது ஈயம்ங்க, சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் சாப்பாட்ட தொடணும். அஞ்சு மாசக் கர்ப்பமா இருந்த ஒரு தங்கச்சி வந்து, நம்ம மலேசியாவோட நூர் சுரியானி எட்டு மாச வயித்தோட 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல சுடலையா, நான் சுட்டா என்னான்னு வாதாடுச்சு. அவங்க சுட்டது 10 மீட்டர் ஏர் ரைபிள், காத்துல போற சின்ன ஈயக் குண்டு, இந்த மாதிரி வெடிச் சத்தமோ மருந்துப் புகையோ இல்ல, புள்ள பிறந்த பிறகு வாம்மான்னு மைலோ வாங்கிக் கொடுத்து வெளிய உக்கார வச்சோம்.

பழைய ஆளுங்களும் சும்மா இல்ல. எங்க சீனியர் மெம்பர் ஒருத்தரு சுடும்போது டமார்னு கேக்க வேண்டிய இடத்துல பட்டுனு மட்டும் கேட்டுச்சு. மருந்து குறைஞ்ச தோட்டா, குண்டு பாதிக் குழல்லயே நின்னு போயிருக்கும், அதுக்குப் பின்னாடி இன்னொண்ண சுட்டா குழல் வெடிக்கும். இவரு கௌரவமா அடுத்ததுக்கு ரெடியாகுறாரு, பாக்சிக் நாலு லேன் தள்ளி நின்னு அந்தச் சத்தத்தை மட்டும் வச்சே "பெர்ஹென்தி", நிறுத்துன்னு கத்தி நிறுத்துனாரு. பித்தளைக் குச்சிய விட்டுப் பாத்தா நடுவுல முட்டுது. சீனியரு அதுக்கப்புறம் ரெண்டு சனிக்கிழமை ஆளையே காணோம்.

நான் பாத்ததுலயே ஒழுங்கா சுட்டது காஜாங் பக்கம் தோட்டத்துல இருந்து வந்த ஒரு தாத்தா, அந்தக் காலத்துல காட்டுப்பன்னி விரட்ட லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருந்தவராம். பேரன் பின்னாடி நின்னு தாத்தா தாத்தான்னு கூப்பிடுறான், பாக்சிக் பேரு கேக்குறாரு, எதுக்கும் திரும்பல, முன்னாடியே பாத்துக்கிட்டு "சொல்லு, காது கேக்குது"ன்னாரு. வேற இடமா இருந்தா என்னா திமிரு இந்தக் கெழவனுக்குன்னு சொல்லியிருப்போம், அன்னிக்கு பாக்சிக் அவருக்கு சல்யூட்டே அடிச்சாரு.

கடைசியா, யாருக்கும் ஒரு கீறல் கூட விழாம, ஆனா எனக்கு அதிகமா வேர்த்தது இதுக்குத்தான். சாயங்காலம் தோட்டாக் கணக்கு பாக்கணும், கொடுத்தது இவ்வளவு, காலிக் கூடு இவ்வளவு, சுடாம திரும்பினது இவ்வளவுன்னு. ஒண்ணு குறையுது. தோட்டா ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் லைசன்ஸ் இல்லாம கையில வச்சிருந்தா 1960 ஆயுதச் சட்டப்படி 7 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் பைன், இல்ல ரெண்டும். கிளப் லைசன்ஸ் வேற ஆடும். வாசல் கேட்டைப் பூட்டிட்டு எல்லாரையும் உக்கார வச்சாச்சு, ரேஞ்ச கூட்டிப் பெருக்கி சல்லடை போட்டுத் தேடுறோம், கிடைக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு பையன் மெதுவா வந்து, "அண்ணே, கீச்செயின் பண்ணலாம்னு எடுத்தேன், பயமா இருந்திச்சு, அதான் அம்மா ஹேண்ட்பேக்குல போட்டுட்டேன்"ங்கறான். அம்மா அங்கயேதான் உக்காந்து மத்தவங்களுக்கு முறுக்கு கொடுத்துக்கிட்டு, எந்தக் கழுதை எடுத்துச்சோன்னு திட்டிக்கிட்டு இருக்காங்க. அடுத்த நாள் காலையில அந்தம்மாவுக்கு சென்னைக்கு பிளைட்டு, அதே ஹேண்ட்பேக்கோட. கேஎல்ஐஏ ஏர்போர்ட் ஸ்கேன்ல மட்டும் மாட்டியிருந்தா? பாக்சிக் பையன ஒண்ணும் சொல்லல, சொல்ல அவருக்கு முறை வரல, அந்தம்மாவே பாத்துக்கிட்டாங்க. இப்ப எங்க கிளப்புல வெளிய போறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டணும், ஹேண்ட்பேக் எல்லாம் உள்ள வரும்போதே லாக்கருக்குப் போயிடும், முறுக்கு டப்பாவும் சேத்துதான்.